ஏரிக்கரையில் ஒற்றை அடுப்பு

என் அக்கா மகள் இனிமேல் காபித் தட்டைத் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கு முன் இரண்டு முறை தூக்கியிருந்தாள். வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் போடியில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பிறகும் கோயம்புத்தூர் வேலைக்குப் போகலாம், எங்களுக்கு ஒன்றுமில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போதே வேலையை விட்டுவிட வேண்டும் என்று பெரியவர்களை விட்டுச் சொல்லவைத்தார்கள். மூன்றாவதாக ஓர் இடம் வந்தபோது அவள் என்னைத்தான் போனில் கூப்பிட்டாள்.

“மாமா, இந்தத் தடவை வீட்ல வேணாம். ரெண்டு நாளு எங்கயாச்சும் வெளிய இருப்போம். அவுக வீடும் வரட்டும், நம்ம வீடும் வரட்டும். அந்த ஆளு தானா ஒரு வார்த்தை பேசுறாரா, இல்ல எல்லாத்துக்கும் அவுக அம்மா மொகத்தப் பாக்குறாரான்னு பாத்துட்டு, ஆமாவோ இல்லையோ நானே சொல்றேன். அதுவரைக்கும் யாரும் என்னைய அவசரப்படுத்தக் கூடாது. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்.”

அக்காவிடம் சொன்னேன். “பொண்ணு பாக்குறதுக்கு டெண்ட்டா?” என்று கேட்டுவிட்டு அரை நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் மொச்சைப் பயறு வாங்கி வரச் சொன்னாள். சம்மதம் என்று அர்த்தம்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு மேலே மலையில் ஏலத்தோட்டம். பச்சைக்காயை உலர்த்தி எடுக்கும் ஸ்டோர் அவன் பொறுப்பில் இருந்தது. அவர்கள் தோட்டத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பெரிய அணை ஏரி ஒன்று உண்டு. படகு உண்டு, கரைக்கு மேலே கூடாரம் அடித்துத் தங்க இடம் உண்டு. அங்கேயே வந்துவிடுங்கள் என்றார்கள்.

போடிமெட்டு ஏறும் சாலையை எனக்கு எப்போதும் உடம்புதான் சொல்லும். கீழே வேர்த்துக்கொண்டு ஏறுவோம். ஒரு வளைவில் சட்டைப் பொத்தானைப் போடுவோம், இன்னொரு வளைவில் கையைக் கட்டிக்கொள்வோம், மேலே போனதும் யாரும் கேட்காமலே டீ குடிப்போம். வெயிலை ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்துவிட்டுப் போவது போல இருக்கும். வேலைக்குப் போகும் பெண்களை அடுக்கிக்கொண்டு ஜீப்புகள் எங்களை முந்தின. அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், முன்சீட்டில் உட்கார்ந்து மாத்திரைப் பையை மடியில் வைத்திருந்தார். அவருக்குச் சர்க்கரை. ராத்திரி மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் சோறு வேண்டும். இல்லாவிட்டால் கை நடுங்கும், அதற்கு முன்பே வாய் நடுங்கும்.

ஏரி ஒரே வீச்சில் தெரியவில்லை. தேயிலைக்கு இடையில் ஒரு துண்டு வெள்ளி, திருப்பத்தில் அதைக் காணோம், பிறகு இரண்டு துண்டு. கடைசியில் சாலை விலகிக்கொண்டதும் மொத்தமாக வந்து முன்னால் கிடந்தது. தண்ணீர் இறங்கியிருந்ததால் கரையைச் சுற்றிலும் ஒரு செம்மண் வளையம், கொலுசு மாதிரி. தண்ணீருக்குள் கறுப்பாக நின்ற மரக்கட்டைகளின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. எனக்கு ஒரு இடத்தில் பத்து நிமிடம் நிற்க வராது. அன்று கால் தானாக நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் முன்பே வந்து காத்திருந்தார்கள். அவன், அவன் அம்மா, அப்பா. அப்பா பேசுகிற ஆளில்லை. ஏலக்காய்க்காரர் என்பதால் எந்நேரமும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கலகலப்பு. ஆனால் என் அக்காவைக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அக்கா என்று கூப்பிட்டால் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி முறையாகிவிடும். மதினி என்று கூப்பிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். எனவே இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் “ஏங்க” என்றார்கள். அந்தப் பையன் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாமல், பேச வேண்டியிருந்தால் முன்னால் வந்து நின்று இருமினான்.

கூடாரங்களைக் கவனிக்கும் மலையாளி எங்களைச் சரிவில் கூட்டிக்கொண்டு போனார். பத்தடி இடைவெளியில் இரண்டு கூடாரங்கள். சமையலுக்குத் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. அதற்குள் ஒரே ஒரு விறகடுப்பு.

“ஆறு மணி வரை மதி. அது கழிஞ்சா தீ பாடில்லா” என்றார். ஆறுக்கு மேல் தீ எரியக் கூடாதாம். “சாயங்காலம் அக்கரையில ஆனை இறங்கும். யாரும் வெளிய போகவும் வேண்டா.”

அவர் போனதும் இரண்டு அம்மாக்களும் அந்த அடுப்பைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசி முடியும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுச் சோற்றில் கை நனைக்கக் கூடாது. காபி பரவாயில்லை, மிக்சர் பரவாயில்லை. சோறு கூடாது. கை நனைத்துவிட்டால் சரி என்று சொன்ன மாதிரிதான். அதனால்தான் இரண்டு வீட்டாரும் தனித்தனியாக அரிசி, பருப்பு, சட்டி, கரண்டி என்று ஜீப்பில் லோடு ஏற்றி வந்திருந்தோம். அடுப்பு ஒன்றுதான் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

“நீங்க மொதல்ல வைங்க” என்றாள் அக்கா.

“அதெப்படிங்க, நீங்க தூரத்துலருந்து வந்திருக்கீக. நீங்க வைங்க.”

“எங்களுக்கென்னங்க அவசரம். வீட்ல இட்லி தின்னுட்டுத்தான் வந்தோம்.”

“நாங்களும் இப்பத்தான் கப்பக்கெழங்கும் மீனும் தின்னோம். வைங்க நீங்க.”

மூன்றரைக்குத் தொடங்கிய இந்த மரியாதை நாலு மணிக்கும் முடியவில்லை. அடுப்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் மச்சான்தான், “ஏ, யாராச்சும் ஒருத்தர் சட்டிய வைங்கப்பா, தீ நமக்காகவா எரியுது?” என்று கத்தி அக்காவை உள்ளே தள்ளினார். அக்கா மொச்சையைப் போட்டுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்க உட்கார்ந்தாள்.

இதற்கிடையில் அக்கா மகளும் மாப்பிள்ளையும் படகுக்குப் போனார்கள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி, பெல்ட்டை இழுத்துக் கட்டி, மிதிபடகில் ஏறினார்கள். நான் கரையோடு நடந்தேன். அவர்கள் போகும் பக்கமெல்லாம் நானும் போனேன். செம்மண் சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது, விடவில்லை. பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. படகு மட்டும் தெரிந்தது. அவன் மலையில் ஜீப் ஓட்டிப் பழகியவன், ஸ்டியரிங்கை வளைவுக்கு ஒடிப்பது போல முழுசாக ஒடித்தான். படகு தன் வாலைத் தானே துரத்துகிற நாய்க்குட்டி மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. அவள் கையை நீட்டி ஏதோ சொன்னாள். அவன் அந்தப் பக்கம் ஒடித்தான். மறுபடி சுற்றியது.

கரைக்கு வந்ததும் அவள் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

“எதக் கேட்டாலும் அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்ங்கிறாரு மாமா.”

“வேலையப் பத்திக் கேட்டியா?”

“கேட்டேன். அதுக்கும் அதான். மீன் பிடிக்குமான்னு கேட்டேன். அதுக்குமா அம்மாகிட்டக் கேக்கணும்?”

“அப்ப இல்லைன்னு சொல்லிரவா தாயி?”

அவள் ஏரியைப் பார்த்தாள். “நல்லாச் சிரிக்கிறாரு” என்றாள், புகார் சொல்வது போல. “இருங்க. நாளைக்குச் சொல்றேன்.”

கொட்டகையில் நிலைமை வேறாக இருந்தது. மணி ஐந்து ஆகியும் மொச்சை வேகவில்லை. போடியில் அரை மணியில் வெந்துவிடும் பயறு, அங்கே கொதித்துக் கொதித்துக் குதித்ததே தவிர மசியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வாசல் தூணில் சாய்ந்து நின்று வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து, “நல்ல மணமா இருக்குங்க” என்று மட்டும் சொன்னார். ஆறு மணிக்குள் அவர்களும் சமைக்க வேண்டுமே என்று அக்கா வேறு வழியில்லாமல் ஐந்தேகாலுக்குக் குழம்பை இறக்கினாள். உடனே அவர்கள் உலையை ஏற்றினார்கள். அரிசி வெந்து வடித்து நிமிரவும், தகரத்துக்கு வெளியே மலையாளி நிற்கவும் சரியாக இருந்தது. “மணி ஆறு” என்று சொல்லி ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார். புஸ்ஸென்று புகை எழுந்து கொட்டகை முழுக்க நிறைந்தது.

புகை கலைந்ததும்தான் எல்லோருக்கும் புரிந்தது.

எங்களிடம் குழம்பு இருந்தது, சோறு இல்லை. அவர்களிடம் சோறு இருந்தது, குழம்பு இல்லை.

ஒரு பலகையின் இந்த முனையில் எங்கள் சட்டி, அந்த முனையில் அவர்கள் பானை. இரண்டிலிருந்தும் ஆவி எழுந்து மேலே போய்த் தகரத்தின் கீழ் ஒன்றாகக் கலந்தது. ஆவிக்கு வழக்கம் தெரியாது. நாங்கள் ஏழு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கரையில் தேயிலைக்கு மேல் மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஏரி ஈயம் பூசிய பாத்திரம் போல மங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு பிஸ்கட் பாக்கெட்டு இருக்கு” என்றேன்.

“எனக்குப் பிஸ்கட் ஆகாது மாப்ளே” என்றார் மச்சான். “மாத்திரை போட்டாச்சு.”

“எப்பப் போட்டீக?” என்றாள் அக்கா.

“சோத்த வடிச்சப்ப. சோறுதான் வந்துருச்சேன்னு நெனச்சேன்.”

“யாரு வீட்டுச் சோறுன்னு பாக்க மாட்டீகளா?”

“சோறு வெள்ளையாத்தானடி இருந்துச்சு.”

கொஞ்சம் கொஞ்சமாக, ஒருவர் பின் ஒருவராக, எல்லோருடைய கண்ணும் என் மருமகள் பக்கம் திரும்பியது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரி என்று ஒரே ஒரு வார்த்தை. பானையும் சட்டியும் சேர்ந்துவிடும், அவள் அப்பா சாப்பிட்டுவிடுவார், எல்லோரும் சாப்பிடுவோம். அக்கா அவள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள்.

“அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுரும் பாப்பா. உனக்குத்தான் பையனைப் பிடிச்சிருக்கில்ல? சொல்லிரு தாயி.”

“யாரும் அவசரப்படுத்தக் கூடாதுன்னு சொன்னேன்.”

“நான் எங்க அவசரப்படுத்துறேன்? சோறு ஆறுதுன்னுதான் சொல்றேன்.”

“சோறு ஆறுதுன்னு நான் கழுத்த நீட்ட முடியுமாம்மா?”

நான்தான் அவளுக்கு வாக்குக் கொடுத்தவன். ஆனால் மச்சானின் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்க வேண்டியவன் நான். திறந்தால் யார் பக்கம் பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது அந்தப் பையன் இருமினான்.

எல்லோரும் திரும்பினோம். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பானையின் காதுகளைத் துண்டால் பிடித்துத் தூக்கி, பலகையின் அந்த முனையிலிருந்து நடந்து வந்து, எங்கள் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

“அவங்க சொல்றப்ப சொல்லட்டும்” என்றான். “இப்பச் சாப்பிடுவோம். நாளைக்கு இல்லைன்னு சொன்னாலும் இல்லைதான். நீங்கதான் அன்னைக்குக் கை நனைச்சீங்களேன்னு யாரும் அதப் பிடிச்சுத் தொங்கக் கூடாது. அம்மா, நீயுந்தான்.”

“என்னப்பா நீ, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“மொறை வீட்ல இருக்கட்டும்மா. நாளைக்குப் போயி எடுத்துக்குவோம்.”

அதுவரை வாய் திறக்காத அவன் அப்பா மேகத்திலிருந்து கண்ணை எடுத்து, “வெரசாப் போடு. மழ வருது” என்றார்.

முதல் தட்டு மச்சானுக்கு. அந்தப் பையன்தான் சோறு போட்டான், என் அக்கா குழம்பு ஊற்றினாள். மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது, பேச்சே தேவைப்படாத அளவுக்குப் பெரிதாக. மொச்சை பல்லில் நறுக்கு நறுக்கென்று கடிபட்டது. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கவளம் மென்ற பிறகு தாங்க முடியாமல் சொல்லிவிட்டார்.

“இந்த ஒசரத்துல மொச்சைக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேணுங்க. அப்பவே சொல்லலாம்னு பாத்தேன். கொறை சொல்றேன்னு நெனச்சுக்கிருவீகளோன்னு விட்டுட்டேன்.”

“அட, சொல்லியிருக்கலாம்ல. நான் வெறகு ஈரம்னு திட்டிக்கிட்டு இருந்தேன்” என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்குப் புரையேற, மாப்பிள்ளையின் அம்மாவே அவள் தலையில் தட்டினார்.

என் மருமகள் சுவரோரமாக உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை சோறு கேட்டாள். அக்கா என் முழங்கையைக் கிள்ளி, கண்ணாலேயே அவள் தட்டைக் காட்டினாள். பசிதான் என்று நானும் கண்ணாலேயே சொன்னேன். கூடாரத்துக்குள் படுத்த பிறகும் அக்கா இடையில் தொங்கிய துணித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, “டேய், அவகிட்டக் கேளுடா” என்றாள். நான் தூங்கிவிட்டது போல மூச்சு விட்டேன்.

காலையில் ஏரி புகைந்துகொண்டிருந்தது. தண்ணீரிலிருந்து எழுந்த பனி மெல்லிய வேட்டி போலச் சரிவுகளில் ஏறி, தேயிலையில் சிக்கி, கிழிந்து, வெயிலாக மாறியது. எதிர்க் கரைச் சேற்றில் யானைகள் வந்துபோன தடங்களில் தண்ணீர் நின்று, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வானம் இருந்தது. படகுத்துறை திறந்ததும் அவள் சொன்னாள்: “மாமா, நீங்களும் வாங்க. மூணு பேரும் போவோம்.”

நாலு பேர் உட்காரும் மிதிபடகு. முன்னால் இரண்டு பேர் மிதிக்க வேண்டும். பின்சீட்டு பின்பக்கம் பார்த்திருக்கும். அவர்கள் இருவரும் ஏரியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் கரையைப் பார்த்து உட்கார்ந்தேன், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கரையில் அக்கா, மச்சான், அவன் அம்மா, அப்பா நான்கு பேரும் வரிசையாக நின்று சிறுத்துக்கொண்டே போனார்கள். இன்று படகு சுற்றவில்லை, நேராகப் போனது. நடுவில் வந்ததும் மிதிப்பது நின்றது.

“நேத்து கேட்டதையே திரும்பக் கேக்குறேன்” என்றாள் அவள். “நான் வேலைய விடமாட்டேன்.”

தண்ணீர் படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தது.

“நானும் தோட்டத்த விட முடியாது” என்றான் அவன். “காய் எடுக்குற மாசத்துல ஸ்டோர விட்டு ஒரு நாளு கூட எறங்க முடியாது. அப்ப நீங்கதான் லீவு போட்டு மேல வரணும். மத்த நேரம் வெள்ளிக்கெழம சாயங்காலம் நான் எறங்கி பஸ்சு ஏறி வந்துர்றேன். சில வாரம் முடியாமப் போகும். அதையும் இப்பவே சொல்லிர்றேன்.”

“அம்மாகிட்டக் கேக்கலையா?”

“கேக்கல. ராத்திரியே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்புறம் மொச்சை இன்னும் வேகணும்னு சொன்னாங்க.”

அவள் சிரித்தாள். படகு ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். “சரி” என்றாள்.

“என்ன சரி?”

“சரின்னா சரிதான். மிதிங்க.”

பெண் சம்மதித்தாள் என்று பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்வது எங்களில் தாய்மாமன் சோலி. பெரியவர்கள் கரையில் நின்றார்கள். நான் எழுந்து நின்றேன். சந்தோஷத்தில் அது படகு என்பதே மறந்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, பின்னால் அவள் “ஐயோ மாமா” என்றாள், நான் சமாளிக்கக் கையை இன்னும் பலமாக ஆட்டினேன். கரையில் அக்கா தலையில் கை வைப்பது தெரிந்தது. மச்சான் படகுத்துறையைப் பார்த்து ஓடினார். விசில் சத்தம் கேட்டது. மோட்டார் படகு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. அதன் அலை வந்து அடித்ததில் நான் தொப்பென்று சீட்டில் விழுந்தேன், இடுப்புவரை நனைந்தேன்.

“எந்தா? எந்து பற்றி?” என்ன ஆச்சு என்று கேட்டார் படகுக்காரர்.

“ஒண்ணுமில்ல சேட்டா. கல்யாணம்” என்றேன்.

அவர் முன்னால் இருந்த இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு ஈரச் சட்டையோடு இருந்த என்னைப் பார்த்தார். “நிங்கள் ஆத்யம் இரிக்கு” என்று, மறுபடி எழப் போன என்னை உட்காரச் சொல்லி, எங்கள் படகில் கயிற்றைக் கட்டினார். எழுந்து நின்றவர்களை ஏரியில் விட்டுவைக்க அவர்களுக்கு அனுமதி இல்லையாம். மோட்டார் சத்தத்தில் யாரும் எதுவும் பேச முடியாமல், கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தோம்.

நான்கு பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்கள். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. “என்னடா ஆச்சு?” என்றாள். நான் தொண்டையைச் செருமி, ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டு, சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே படகுக்காரர் சொல்லிவிட்டார்.

“பயப்படண்டா. பெண்ணு சம்மதிச்சு.”

அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நெசமாடா?”

“அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றேன்.